சிலோன் பக்கம் நின்ற முள்: செட்டிநாட்டு வீடுகளில் கேட்ட ரேடியோ

தேவகோட்டையில் பூட்டிக் கிடந்த உங்கள் ஐயா வீட்டைத் திறந்தபோது, இரண்டாங்கட்டு அலமாரியில் ஒரு மர்பி ரேடியோ கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே மூன்று கேள்விகள். வெளிநாட்டு நிலையங்களுக்கு இருந்த மாதிரி நம் நிலையங்களுக்கும் ஜிங்கிள் இருந்ததா? அந்தக் காலத்தில் ஒரு பாட்டு எப்படி ஹிட் ஆனது? இந்த ரேடியோவை இப்போது பாட விடலாமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலில் பதில்: தயவுசெய்து பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் காரைக்குடிக்காரன். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தேன். வால்வு ரேடியோவை, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தின கண்ணாடிக் குழல் ரேடியோவை, திறந்து நோண்டுவது நாற்பது வருடப் பழக்கம். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிங்கிள் என்கிற சொல்லுக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, சோப்பையும் பல்பொடியையும் விற்கிற விளம்பரப் பாட்டு. 1926 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வீட்டீஸ் என்ற தானிய உணவுக்காக நான்கு பேர் சேர்ந்து பாடியதைத்தான் இதற்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். இன்னொன்று, நிலையம் தன் பேரைத் தானே பாடிக்கொள்வது. டல்லாஸ் நகரில் 1951-இல் பில் மீக்ஸ் என்பவர் தொடங்கிய பாம்ஸ் என்ற நிறுவனம் இதையே தொழிலாக நடத்தியது. மெட்டு ஒன்றுதான், எந்த ஊர் நிலையம் காசு கொடுக்கிறதோ அந்த நிலையத்தின் பேரை வைத்துப் பாடிக் கொடுப்பார்கள். நம் ஊர் கல்யாண வாழ்த்து மடலில் மாப்பிள்ளை பெண் பேரை மட்டும் மாற்றி அச்சடிப்பார்களே, அதே வேலை. பிரிட்டனில் கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய ரேடியோ லண்டன் அந்த மெட்டுகளைப் பயன்படுத்தியது. அதை ஒழித்துக் கட்டியபின் 1967 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய பிபிசி ரேடியோ ஒன்றும் அதே கடையில்தான் வாங்கியது.

அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஒரே ஊரில் பத்து நிலையம். பத்திலும் அதே வாரத்து அதே ஹிட் பாட்டு. பாட்டு முடிந்ததும் நீ கேட்டது எந்தக் கடை என்று சொல்லாவிட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவான். நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது. வானொலி முழுக்க சர்க்கார் சொத்து. திருப்பினால் திருச்சி, இல்லாவிட்டால் சென்னை. தன் பேரைப் பாடிக் காட்ட வேண்டிய அவசியம் ஆகாசவாணிக்கு வரவே இல்லை.

ஆனால் ஒரு மெட்டு இருந்தது. காலையில் ஒலிபரப்பு தொடங்குமுன் வருமே, தம்புரா சுருதிக்கு மேல் வயலின் இழைகிற அந்த இசை. அதைப் போட்டவர் வால்டர் காஃப்மன். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஹிட்லர் காலத்தில் தப்பி வந்த யூதர். 1934-இல் பம்பாய் வந்து, அங்கே வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்து, 1946-இல் இந்தியாவை விட்டுப் போனார். சிவரஞ்சனி ராகச் சாயலில் ஒரு வெளிநாட்டுக்காரர் கட்டிய மெட்டு. அப்பத்தாக்கள் அதைக் கேட்டுத்தான் வாசல் தெளித்தார்கள்.

அந்த இசை திரும்பத் திரும்ப வந்ததற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. வால்வு ரேடியோவுக்கு சுவிட்சைப் போட்டால் உடனே சத்தம் வராது. வால்வு சூடேற அரை நிமிடம், சில செட்டுக்கு ஒரு நிமிடம். அப்புறம் முள்ளை நகர்த்தி நிலையத்தைப் பிடிக்க வேண்டும். சிற்றலையில் விரற்கடை இடத்துக்குள் நாலைந்து நிலையம் நெருக்கியடித்து நிற்கும். முள் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று கேட்பவனுக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டாமா? வாசல் கோலத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கிற மாதிரி. சில செட்டுகளில் பச்சையாக ஒரு கண் இருக்கும், மேஜிக் ஐ என்போம். அலை சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண்ணில் தெரியும் நிழல் சுருங்கும். மெட்டு காதுக்கு, பச்சைக்கண் கண்ணுக்கு. எங்கள் ஐயா இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் குமிழிலிருந்து கையை எடுப்பார்.

இப்போது சிலோனுக்கு, அதாவது இலங்கை வானொலிக்கு, வருவோம். உங்கள் மர்பியின் கதை அங்கேதான் இருக்கிறது.

1952-இல் பி.வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. இன்னொரு பக்கம், பாட்டோடு படத்தின் பேரைச் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும் என்று வானொலி பேர் சொல்ல மறுத்தது. பேர் சொல்லாவிட்டால் பாட்டே கிடையாது என்று தயாரிப்பாளர்கள் முறுக்கிக்கொண்டார்கள். இரண்டும் சேர்ந்ததில் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. கச்சேரி, நாடகம், விவசாயிகளுக்கு யோசனை இவைதான் மிச்சம். கச்சேரியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் டீக்கடையில் அதைப் போட்டால் யாவாரம் நடக்குமா?

கொழும்பில் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1950-இல், வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. யுத்த காலத்தில் தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுச் சிப்பாய்களுக்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் யுத்தம் முடிந்ததும் அப்படியே இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. சண்டைக்காக வாங்கிய சாமான் சினிமாப் பாட்டுக்கு உதவியது. காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னையும் கொழும்பும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 370 கிலோமீட்டர். பாக் நீரிணை குறுக்கே இருந்தாலும் எங்களுக்குக் கொழும்பு சென்னையைவிடத் தள்ளி இல்லை. மனசுக்கு அதைவிடவும் பக்கம். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் செய்ய, போனவர்கள் குடியிருந்த செட்டியார் தெரு அங்கே இருக்கிறது, கதிரேசன் கோயில் இருக்கிறது, ஆடிவேல் நடக்கிறது. கொழும்பிலிருந்து கடிதாசி வராத வீடு எங்கள் தெருவில் குறைச்சல்.

ரேடியோவும் அப்படித்தான் வந்தது. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டியோடு வந்த செட்டுகள் பல. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், பட்டாலைத் திண்ணைச் சுவரோரம் ஒரு மேஜை, அதன்மேல் பூவேலை செய்த துணி, அதன்மேல் ரேடியோ. மொட்டைமாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே செம்பு வலைப்பட்டை ஏரியல். அதிலிருந்து ஒரு கம்பி முற்றத்தின் வழியாக இறங்கும். வருடத்துக்கு 15 ரூபாய் லைசென்ஸ், தபால் ஆபீஸில் கட்ட வேண்டியிருந்தது. உங்கள் அலமாரியில் அந்த லைசென்ஸ் புத்தகம் இருந்தாலும் இருக்கும், தேடிப் பாருங்கள். தபால் முத்திரையிலிருந்து எந்த வருடம் வரை அந்த ரேடியோ பாடியது என்று தெரிந்துவிடும்.

இலங்கை வானொலியில் பாடுகிற ஜிங்கிள் பெரிதாக இல்லை. அறிவிப்பாளரின் குரல்தான் ஜிங்கிள். எஸ்.பி. மயில்வாகனன் ஐம்பதுகளிலேயே அதற்கு வழி போட்டார். அவருக்குப் பிறகு ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் அருவி மாதிரிக் கொட்டுவார். ஒரு சொல்கூடச் சிதையாது. ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்ற நீளமான சொற்றொடரை அவர்கள் சொல்லும்போது அதில் ஒரு தாளம் இருக்கும். 1967-இல் ‘ரேடியோ சிலோன்’ கூட்டுத்தாபனம் ஆனபிறகும் எங்கள் ஊரில் அது ‘சிலோன்’தான். ‘சிலோனைப் பிடி’ என்றால் போதும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘கூட்டுத்தாபனம்’ என்று பிசகாமல் சொல்லத் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. லகர ளகர ழகரம் பிரித்துச் சொல்வதற்கு எங்களில் பாதிப்பேருக்கு இலக்கண வாத்தியார் அந்த ரேடியோதான்.

நிகழ்ச்சிகளின் பேரே பாதி வேலையைச் செய்துவிடும். பொங்கும் பூம்புனல், இசையும் கதையும், நீங்கள் கேட்டவை, பாட்டுக்குப் பாட்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டு இசை, அதற்கு முகப்பு இசை என்று பேர். காலையில் பொங்கும் பூம்புனலின் துண்டு இசை வந்தால் மணி பார்க்க வேண்டியதில்லை. அது முடிவதற்குள் தலை பின்னி முடியாத அக்காமார்கள் பஸ்ஸை விட்டுவிடுவார்கள்.

பிறந்தநாள் வாழ்த்து பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். குழந்தையின் பேர், ஊர், பிறகு வாழ்த்துகிறவர்கள் பட்டியல்: அப்பா, அம்மா, அப்பம்மா, அம்மம்மா, சித்தி என்று நீளும். அப்பத்தா, ஆயா என்றே கேட்டு வளர்ந்த எங்கள் காதுக்கு அப்பம்மா வேடிக்கையாக இருக்கும். என் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு, கொழும்பில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவுக்கு அப்படித்தான் பேர்), வானொலிக்கு ஒரு அட்டை எழுதிப் போட்டிருந்தார்கள். இன்ன தேதி கேள் என்று எங்களுக்கும் கடிதாசி வந்துவிட்டது. வளவில் பத்துப் பதினைந்து பேர். பேர் வாசிக்கிற நேரம் பார்த்து சிற்றலை தன் குணத்தைக் காட்டியது. அது அப்படித்தான்: வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருகிற அலை, பல பாதையில் வந்து சேரும்போது ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்; சத்தம் கிணற்றுக்குள் இறங்கி மறுபடி மேலே வரும். ‘காரைக்குடியில் வசிக்கும் செல்வன்…’ என்று வந்தது, கிணற்றுக்குள் போனது, திரும்ப மேலே வந்தபோது பாட்டு தொடங்கிவிட்டது. உன் பேரைத்தான் சொன்னான் என்று அப்பத்தா சத்தியம் செய்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி வேறு ஏதோ பேர் என்றார்கள். அப்பச்சிக்கு, ‘நன்றாகக் கேட்டது’ என்று எழுதிப் போட்டேன்.

சரி, ஹிட் பாட்டு. அமெரிக்காவில் ‘சிங்கிள்’ என்றால் கடையில் தனியாக விற்கிற ஒரு பாட்டுத் தட்டு. எத்தனை தட்டு விற்றது என்று எண்ணி வாராவாரம் வரிசைப்படுத்துவார்கள். நம்மிடம் பாட்டு எப்போதும் படத்தின் பிள்ளை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம், நடுவில் இடையிசை எல்லாம் அதற்குள். ஐம்பது அறுபதுகளின் பாட்டுகளில் ஒரு சொல்கூட வீண் இல்லை என்று மெச்சுகிறோம்; கவிஞர்களின் திறமையோடு தட்டின் அகலத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

தட்டு வாங்கக் காசும் கிராமபோனும் வேண்டும். அதனால் பெரும்பாலானவர்களுக்குப் பாட்டு என்றால் ரேடியோதான். சிலோன்காரர் திரும்பத் திரும்பப் போட்டால் ஹிட். நேயர் விருப்ப அட்டைகள்தான் வாக்குச்சீட்டு. கள்ள ஓட்டும் உண்டு: ஒரே ஆள் நாலு பேரில் எழுதிப் போடுவான்.

இதில் எங்கள் மண்ணுக்குப் பங்கு கொஞ்சம் அதிகம். ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். படத்துக்கு முன்னால் அவர் இறங்கிய தொழில் இசைத்தட்டு. சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று பேர். யுத்த காலத்தில் ஸ்டூடியோவைக் காரைக்குடிக்கே கொண்டுவந்தார். 1947 பொங்கலுக்கு வந்த ‘நாம் இருவர்’ இங்கே எடுத்ததுதான். டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் அந்தப் படத்தால் ஊரெல்லாம் பரவின. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கும்போதே சுதந்திரம் வந்துவிட்டதாகப் பாடிய பாட்டும் அதில் உண்டு. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. பின்னால் அதை அரசாங்கத்துக்குக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார்.

அடுத்தது சிறுகூடல்பட்டி. கண்ணதாசன் பிறந்த ஊர், 1927. விஸ்வநாதன் ராமமூர்த்தி மெட்டுக்கு அவர் எழுதிய பாட்டுகள் இல்லாமல் அறுபதுகளின் சிலோன் இல்லை. 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் இளையராஜாவை அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலமும் அதே ஊர்தான். எங்கள் ஊர் டீக்கடையில் அந்தப் படத்துப் பாட்டு வந்தால் கிளாஸைக் கீழே வைக்க மாட்டார்கள். பாட்டு எழுதியவர் நம்ம ஆள் என்ற பெருமை பாதி, பாட்டு பாதி.

ஆகாசவாணியின் பாட்டுச் சேவையான விவித் பாரதிக்கு ஒரு பத்தி போதும். சிலோனுக்குப் போன கூட்டத்தைத் திருப்பிக் கூப்பிட 1957 அக்டோபர் 3 அன்று தொடங்கினார்கள். 1967-இல் பம்பாயில் விளம்பரத்தையும் அனுமதித்தார்கள். பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. ‘விவித் பாரதியின் வர்த்தக ஒலிபரப்பு’ என்ற அறிவிப்பும் தேன்கிண்ணம் நிகழ்ச்சியும் அந்த வழியில் வந்தவை.

அங்கேதான் விளம்பரப் பாட்டு செழித்தது. பத்து வினாடி, இருபது வினாடி, முப்பது வினாடி. அதற்குள் பேர் குறைந்தது மூன்று தடவை வரவேண்டும். ரீகல் சொட்டு நீலம் என்று எழுதினாலே என் வயதுக்காரர்கள் கடைசியில் ஒரு ‘டோய்’ சேர்த்துத்தான் படிப்பார்கள். லைஃப்பாய் எவ்விடமோ என்று யாராவது தொடங்கினால் மீதியை முடிக்காமல் விட முடியாது. கோபால் பல்பொடிக்கு மெட்டுகூட வேண்டியிருக்கவில்லை. இலங்கை, இந்தியா, சிங்கப்பூர், மலேசியா என்று நாலு நாட்டுப் பேரை வரிசையாகச் சொன்னதே தாளமாகிவிட்டது. அந்த நாலு நாடும் எங்கள் ஆட்கள் கடை வைத்த நாடுகள். எங்கள் ஐயா அதைக் கேட்கும்போதெல்லாம், ‘நம்ம லேவாதேவிக் கணக்கை வாசிக்கிறான்’ என்பார்.

விளம்பரப் பாட்டு மூளையில் தங்குவதற்கு அதன் மெட்டு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அது எப்போதும் ஒரு நல்ல பாட்டுக்கு முன்னால் வரும். பிடித்த பாட்டுக்காகக் காது தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நீலத்தையும் பல்பொடியையும் சேர்த்து விழுங்கிவிடுவோம். இன்றைக்கும் சில பழைய பாட்டுகளின் இடையிசை முடிந்ததும் என் மனசு தானாக ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் காத்திருக்கிறது. இன்னொரு பக்கம், அந்த முப்பது வினாடிக்குள் வேலை பழகியவர்கள் பெரிய பாட்டுக்கும் வந்தார்கள். ‘ரோஜா’வுக்கு முன்னால் ஏ.ஆர். ரஹ்மான் விளம்பர இசையில்தான் கைபழகினார்.

ஒன்று விட்டுவிட்டேன். நிலையத்தின் பேரைப் பாடும் ஜிங்கிள் நம்மிடம் இல்லை என்றேனே, எங்கள் ஊர்த் திருவிழாவில் இருந்தது. கொப்புடையம்மன் கோயில் செவ்வாய் பெருந்திருவிழாவிலும் சுற்றுக் கிராமத்துப் பொங்கலிலும் தென்னையில் குழாய் கட்டுவார்கள். அதற்கும் ‘ரேடியோ செட்’ என்றே பேர். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு அம்மன், பிறகு இருட்டியதும் சினிமா. நாலு பாட்டுக்கு ஒரு தடவை செட்டுக்காரர் மைக்கைத் தட்டி, ஊதி, தன் சவுண்டு சர்வீஸின் பேரையும் ஊரையும் சொல்வார். அதை அச்சு அசல் சிலோன் அறிவிப்பாளர் குரலிலேயே சொல்வார். மூன்று கிராமத்தில் மூன்று செட்டு ஒரே நேரத்தில் பாடும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. டல்லாஸ்காரர் சிந்தித்ததை எங்கள் செட்டுக்காரர் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

இனி உங்கள் மர்பி. முப்பது நாற்பது வருடம் சும்மா கிடந்த செட்டின் உள்ளே உருளையாக இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்து போயிருக்கும். நேராக மின்சாரம் கொடுத்தால் அவை ஷார்ட் ஆகி டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு மாற்று கிடைப்பது கடினம். பின் அட்டையைக் கழற்றி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தெரிந்த ஆளிடம் கொடுத்து அந்தக் கண்டென்சர்களை மாற்றிவிட்டு, 60 வாட்ஸ் குண்டுபல்பைத் தொடரில் போட்டுத்தான் முதல் தடவை ஏற்ற வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே கோளாறு, உடனே நிறுத்திவிடலாம். ஒரு தரம் மின்னி மங்கினால் தொடரலாம். நிறுத்திய பிறகும் உள்ளே கை வைக்காதீர்கள், கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் இதற்கு நல்ல விலை சொல்வார்கள். குடலை உருவிவிட்டு உள்ளே புளூடூத் ஸ்பீக்கர் வைத்து விற்பதும் உண்டு. விற்பது உங்கள் இஷ்டம், எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். துடைக்கும்போது குமிழைத் திருகிவிடாமல், முள் நிற்கிற இடத்தையும் பேண்டு மாற்றும் குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சிற்றலையில் 25 மீட்டர் பக்கமோ 41 மீட்டர் பக்கமோ நின்றால் ஐயா கடைசியாகக் கேட்டது பெரும்பாலும் சிலோன்தான். மத்திய அலையில் நின்றால் திருச்சியாக இருக்கலாம், செய்திக்காக வைத்திருப்பார்.